பெயர் காலியாக உள்ளது

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. லியோ பிரகாஷ் அதை முந்தவில்லை. போய்ச் சேர அவசரம் இருந்தது. மனம் இல்லை.

நர்சிங் கல்லூரி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. வகுப்புகள் பூட்டியிருந்தன. பின்கட்டில் ஒரு அறையில் மட்டும் விளக்கு எரிந்தது.

கல்லூரி வருவதற்கு முன் அந்தப் பின்கட்டு பிரசவ வார்டாக இருந்தது. கட்டில்களை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டார்கள். கட்டில்களின் தலைமாடு உரசிய தழும்புகள் சுவரில் வரிசையாக அப்படியே இருந்தன. எத்தனை வெள்ளை அடித்தாலும் அவை மறையவில்லை.

சிவப்பிரகாசம் வாசலில் பீடியை அணைத்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் கரண்ட் வேலை, குழாய் வேலை எல்லாம் அவர்தான்.

"வாப்பா லியோ. உன் மெஷினத் தூக்கறதுக்கு குட்டியானை வண்டி சொல்லியிருக்கேன். அவன் இந்த மழையில வரலன்னா நான்தான் முதுகுல தூக்கினு போவணும்."

"கொஞ்ச நேரம் குடுங்கண்ணா. ஒரு பாடம்தான் பாக்கி."

"இன்னாடா இது, ஊர்ப்பட்ட பாடத்த ஏத்தினவன், இந்த ஒண்ணுக்கு மாசக்கணக்கா..."

அவர் பாதியில் நிறுத்தினார். எந்தப் பாடம் என்று நினைவுக்கு வந்துவிட்டது. பீடித் துண்டைப் பார்த்தார்.

"சரி. நான் போயி டீ சாப்ட்டு வரேன். நீ பாரு."

பழைய பாடத் தளம் அந்த அறையிலிருந்த சர்வரில் ஓடியது. கல்லூரி புதுத் தளத்துக்கு மாறியிருந்தது. பழையதில் இருந்த பாடங்களை ஒவ்வொன்றாக ஒரே பேக்கேஜாகக் கட்டி, புதியதில் ஏற்ற வேண்டும். லியோவின் வேலை அது. ஏற்றியதும் புதுத் தளம் பேக்கேஜைப் பிரித்துப் படிக்கும். தனக்கு ஒத்துவராததை எச்சரிக்கையாகச் சொல்லும். படம் ஒன்று காணவில்லை. இணைப்பு ஒன்று அறுந்திருக்கிறது. மஞ்சளில் வந்தால் தொடரலாம். சிவப்பில் வந்தால் நிற்க வேண்டும்.

"மஞ்சளுக்கெல்லாம் பயப்படாதீங்க மேடம், தட்டிவிட்டுப் போய்க்கினே இருங்க" என்று டீச்சர்களுக்கு அவன் சொல்லிக்கொடுத்திருந்தான்.

எல்லாப் பாடங்களும் போய்விட்டன. மகப்பேறு செவிலியம் மட்டும் நின்றது. அதை உண்டாக்கியவள் ரோஸி மேரி. அவன் மனைவி. போன வருஷம் மழைக்காலத்தில் செத்துப்போனாள்.

லேப்டாப்பை சர்வரோடும் தன் செல்போன் நெட்டோடும் இணைத்தான். அறையில் சூடான தூசியின் வாசனை. ஜன்னலுக்கு வெளியே வயல் தெரியவில்லை. மழை மட்டும் தெரிந்தது.

சரண்யா குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். ரோஸியிடம் படித்தவள். மறுநாளிலிருந்து ரோஸியின் வகுப்பை எடுக்கப்போகிறவள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள்.

"அண்ணா, நீங்கதான் ஏத்தப் போறீங்கன்னு இப்பதான் தெரிஞ்சுது. தெரிஞ்சிருந்தா வேற யாரையாவது கேட்டிருப்பேன்."

"வேற யாரு இருக்கா?"

"நான் தட்டறேன். நீங்க சொல்லுங்க."

"வேணாம்மா. உக்காரு."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இருவரும் திரையைப் பார்த்தார்கள்.

பேக்கேஜ் ஏறியது. மஞ்சள் வரிகள் வந்தன. எல்லாம் வழக்கமானவை. கடைசிக்கு முந்தியதை அவன் நிதானமாகப் படித்தான்.

"இந்தப் பாடத்தின் ஆசிரியருக்கு இங்கே கணக்கு இல்லை. அவருடையவை அனைத்தும் பதிவேற்றுபவர் பெயருக்கு மாற்றப்படும்."

ரோஸியின் சேலைகள் பீரோவில் அப்படியே இருந்தன. அவளுடைய செருப்பு கதவுக்குப் பின்னால் இருந்தது. அவற்றை யார் பெயருக்கும் அவன் மாற்றவில்லை.

தொடர் என்பதைத் தட்டினான்.

கடைசி வரி நின்றது.

"கருவின் இதயத் துடிப்பைக் கேட்டல். ஒலிக்கோப்பின் அளவு பதிவில் உள்ளதோடு பொருந்தவில்லை. கோப்பு பெரிதாகியுள்ளது."

ஃபைல் கெட்டுப்போனால் சிறுத்துத்தான் போகும். பெருப்பது இல்லை.

"போட்டுக் கேட்டுடலாம் அண்ணா" என்றாள் சரண்யா. பிறகு மெதுவாக, "நீங்க வேணா வெளிய இருங்க" என்றாள்.

அந்தப் பாடத்தை ரோஸி இதே அறையில்தான் பதிவு செய்தாள். வயிறு நன்றாகத் தெரிந்த சமயம். மாணவிகளுக்குக் காட்ட வேறு கர்ப்பிணியைத் தேடுவானேன் என்று தன் வயிற்றிலேயே துடிப்பு கேட்கும் கருவியை வைத்துக்கொண்டாள். லியோ மைக்கைப் பிடித்திருந்தான். "பாத்தியா, உம் புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்கு வந்துட்டான். உன்ன மாதிரி லேட்டா வரமாட்டான்" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு அவன் அதைக் கேட்டதில்லை. அவள் இருந்தபோது தேவைப்படவில்லை. போன பிறகு முடியவில்லை.

ஓடவிட்டான்.

"அவசரப்படாதீங்க" என்றாள் ரோஸி. "கை சூடா இருக்கணும். ஜில்லுனு வெச்சா உள்ள இருக்கறவருக்குக் கோவம் வரும். ம். இப்ப கேளுங்க. கேக்குதா?"

லியோ மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

துடிப்பு வந்தது.

சரண்யா தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தாள். நர்சுகளின் பழக்கம் அது. உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"அண்ணா, இது அது இல்ல."

"எது?"

"நாங்க படிக்கறப்ப கேட்டது. குதிரை ஓடற மாதிரி தடதடன்னு இருக்கும். இது மெதுவா இருக்கு."

"மெஷின் பழசு. இழுக்குது."

"அப்ப மேடம் கொரலும் இழுக்கணும் இல்ல?"

ரோஸியின் குரல் இழுக்கவில்லை. அது அவள் பேசுகிற மாதிரியே இருந்தது.

"வயித்துல இருக்கற புள்ளைக்கு இவ்ளோ மெதுவா இருந்தா நாங்க ஓடுவோம்ணா, டாக்டரக் கூப்புட. ஆனா இது தப்பா இல்ல. நல்லா இருக்கு. தெளிவா, பலமா இருக்கு. பொறந்த புள்ள மாதிரி."

"எவ்ளோ பெரிய புள்ள?"

எதற்குக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

சரண்யா வாட்சைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரு வயசு இருக்கும்ணா."

மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

ரோஸி பேசி முடித்துவிட்டாள். ஃபைல் முடியவில்லை. துடிப்புக்குப் பின்னால் வேறொரு சத்தம் இருந்தது. லியோ காதை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

மூச்சு.

சின்ன மூச்சு. சளி கட்டிய மூக்கின் மூச்சு.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. தூசி வாடையை விலக்கிக்கொண்டு வந்தது. புளித்த பால் வாடை.

அவனுக்கு அந்த வாடை தெரியும். குழந்தை செத்தே பிறந்தது. ரோஸிக்கு அது தெரியாது. ரத்தம் நிற்காமல் மயக்கத்துக்குப் போனவள் கண் திறக்கவேயில்லை. ஆனால் அந்த மயக்கத்திலும் அவளுக்குப் பால் சுரந்தது. நர்சுகள் துணியை மாற்றி மாற்றிப் போட்டார்கள். நனைந்த துணிகளைப் பையில் போட்டு அவனிடம் கொடுத்தார்கள். அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு வாடை வருதாம்மா?"

சரண்யா துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தாள்.

விளக்கு அணைந்தது. மின்விசிறி தானே சுற்றி ஓய்ந்தது. மேசைக்கு அடியில் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது. சர்வர் அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப் வெளிச்சத்தில் சுவரின் தழும்புகள் கறுப்பாகத் தெரிந்தன.

லியோ மஞ்சளைத் தட்டிவிட்டான். தொடர்.

சிவப்பு வந்தது.

"பங்கேற்பாளர் ஒருவரைக் கொண்டுவர இயலாது. பெயர் காலியாக உள்ளது."

ரோஸியின் மாணவிகள் எல்லோரும் படித்து முடித்துப் போய்விட்டார்கள். அவர்களை அவன் முன்பே எடுத்துவிட்டிருந்தான். இந்தப் பேக்கேஜில் ஒரு ஆளும் இருக்கக் கூடாது.

வரியைத் திறந்தான்.

பெயர் என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. அதன் கீழே தகப்பனார் பெயர், லியோ பிரகாஷ். தாயார் பெயர், ரோஸி மேரி. பார்த்த பாடம் ஒன்றே ஒன்று. இதயத் துடிப்பைக் கேட்டல். அதை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் விடவில்லை.

கடைசியாகத் தளத்தில் காணப்பட்டது, இப்போது.

சரண்யாவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது.

"யாருண்ணா இப்படி வெளையாடறது?"

"இந்த மெஷினோட பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"நீங்க...?"

"நான் இல்லம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நம்பினாள்.

திரையில் இரண்டு வழிகள் இருந்தன. பெயரை நிரப்பி இவரைக் கொண்டுவரலாம். இவரை விட்டுவிட்டுத் தொடரலாம். விட்டுவிட்டால் இந்த சர்வரோடு போய்விடும். சர்வர் இன்றைக்குக் காயலான் கடைக்குப் போகிறது.

குழந்தையைக் கல்லறைத் தோட்டத்தில் வேலி ஓரமாகப் புதைத்தார்கள். இன்னாசிமுத்து உபதேசியார்தான் இடம் காட்டினார். ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு அந்த ஊரில் அங்கேதான் இடம். சிலுவை நடுவதில்லை. நட்டிருந்தால் ஃபாதர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஊர்ப் பழக்கம் அது. "ஒரு நிமிஷம் உசிரோட இருந்திருந்தாக்கூட நர்சம்மாவே தண்ணி ஊத்திப் பேர் வெச்சிருக்கும் தம்பி. அதுக்கும் வழியில்லாம போச்சே" என்றார். கையை அவன் தோளில் வைத்திருந்தார்.

அப்படித் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர்களில் ரோஸியும் ஒருத்தி. மூச்சு நிற்கப் போகிற எத்தனையோ குழந்தைகளுக்கு அந்த நொடியில் ஒரு பெயரைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். பெயருக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. வீட்டில் சாயங்காலமானால் ஒரு பெயர் சொல்வாள். லியோ அதைக் கிண்டல் பண்ணுவான். "மொதல்ல மொகத்தப் பாக்கலாம். மொகத்தப் பாத்து வெச்சாத்தான் பேரு ஒட்டும்" என்பான். "போடா, உன்னக் கேட்டேன் பாரு" என்று அவள் தலையணையால் அடிப்பாள்.

புதைக்கும் முன் முகத்தைப் பார்த்தான். ஒரு துண்டுக்குள் இருந்தது. அவள் மூக்கு. ஒரு பெயரும் வரவில்லை.

"பேரு போடுங்கண்ணா" என்றாள் சரண்யா. அவள் எழுந்து நின்றிருந்தாள். ஓடவில்லை.

"இன்னா பேரும்மா போடறது?"

"மேடம் சொல்லியிருப்பாங்க இல்ல. ஏதாச்சும் ஒண்ணு."

அவன் யோசித்தான். அவள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னது நினைவிருந்தது. கையில் கரண்டி இருந்தது நினைவிருந்தது. தான் சிரித்தது நினைவிருந்தது. பெயர் இல்லை. ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் அவன் அன்றன்றைக்கே சிரித்துத் தள்ளியிருந்தான்.

யூபிஎஸ்ஸின் கத்தல் விட்டு விட்டு வந்தது. இப்போது விடாமல் வந்தது.

ஸ்பீக்கரில் துடிப்பு வேகம் எடுத்தது.

"அண்ணா."

"இரும்மா. இரு. யோசிக்கறேன்."

"பயப்படுதுண்ணா அது. சீக்கிரம்."

மூச்சு மேல்மூச்சு ஆனது. அழுவதற்கு முன்னால் குழந்தைகள் காற்றை இழுப்பார்கள். அந்த இழுப்பு.

கதவு திறந்து சிவப்பிரகாசம் சொட்டச் சொட்ட வந்து நின்றார். "மரம் வுழுந்து லைன் போச்சுப்பா. ராத்திரிதான் வரும். வண்டிக்காரன் வந்து திட்டிக்கினு கெடக்கான். யூபிஎஸ் சாவப் போவுது, கழட்டிடட்டா?"

"வேணாண்ணா!"

"இன்னாடா கத்தற? தானா நின்னா டிஸ்க்கு போயிடும்னு நீதான சொன்ன?"

அவர் குனிந்து மேசைக்கு அடியில் கையை நீட்டினார். அவருக்கு அந்த மூச்சு கேட்டதாகத் தெரியவில்லை.

லியோவின் விரல்கள் தாமாக ஓடின. அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. அவசரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்து வழியை மறித்தால், எதையாவது போட்டு நிரப்பிவிட்டுப் போவார்கள். பிறகு வந்து மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் போடுவது ஒரே சொல்தான். அவன் இத்தனை வருஷமாக ஆயிரம் கட்டங்களில் அதைப் போட்டிருக்கிறான்.

அடித்தான். தட்டினான்.

பச்சை வந்தது. "பதிவேற்றம் நிறைவுற்றது. எச்சரிக்கைகள் ஏதும் இல்லை."

யூபிஎஸ் நின்றது. சர்வரின் இரைச்சல் இறங்கி, அடங்கியது. லேப்டாப் தன் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் சத்தம் இல்லை.

"அவ்ளோதான? இதுக்குப் போயி" என்றார் சிவப்பிரகாசம். ஒயர்களைப் பிடுங்கி, சர்வரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். "யப்பா, இன்னா சூடு. ஜொரம் வந்த மாதிரி கொதிக்குது." படி இறங்கிப் போய்விட்டார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

சரண்யா திரையையே பார்த்தாள்.

புதுத் தளத்தில் பாடம் திறந்திருந்தது. ஆசிரியர், லியோ பிரகாஷ். அதன் கீழே மாணவர் ஒருவர்.

டெஸ்ட்.

"அண்ணா" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாத்திடலாம்மா. மாத்திடலாம். அது சும்மா போட்டது." பெயரின் மேல் தட்டினான். மறுபடி தட்டினான்.

"பெயர் ஒருமுறை பதிவானால் மாற்ற இயலாது. திருத்தம் வேண்டுவோர் பிறப்புச் சான்றிதழை இணைக்கவும்."

கொம்யூன் பஞ்சாயத்தில் அவனுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அது ரோஸியின் இறப்புச் சான்றிதழ். செத்தே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

எதையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டான். வெளியே மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும்.

பால் வாடை போகவில்லை. இன்னும் பக்கத்தில் வந்திருந்தது.

யாரும் ஓடவிடாமலே அந்தப் பாடம் ஓடத் தொடங்கியது.

கருவி இல்லை. துடிப்பு இல்லை. பாடம் நடத்துகிற குரலும் இல்லை. சாயங்கால வேளையில் சமையல்கட்டிலிருந்து வருகிற குரல் அது.

கை தட்டும் சத்தம். நடை பழகும் பிள்ளையை எதிரில் நின்று கூப்பிடுவார்களே, அப்படி.

"டெஸ்ட்" என்றாள் ரோஸி.

வாயில் வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. இன்னொரு முறை சொன்னாள். கொஞ்சிச் சொல்லிப் பார்த்தாள். "டெஸ்ட்டு. டெஸ்ட்டுக்குட்டி. இங்க வா. அம்மாகிட்ட வா."

தரையில் ஈரப் பாதங்கள் தப்புத் தப்பென்று வைக்கும் சத்தம். விழுந்தது. எழுந்தது. சிரித்தது.

லியோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்பா வெச்ச பேருடா கண்ணு" என்றாள். "ஒரு வருஷமா யோசிச்சு வெச்சிருக்காரு."

சரண்யா அழுதுகொண்டே லேப்டாப்பை மூடினாள். திரை இருண்டது. அறை இருண்டது. குரல் நிற்கவில்லை. அது லேப்டாப்பிலிருந்து வரவில்லை. சுவரோரத்திலிருந்து, கட்டில் தழும்புகள் இருந்த பக்கத்திலிருந்து வந்தது. ரகசியம் பேசுகிற மாதிரி இறங்கியிருந்தது. பிள்ளைக்குக் கேட்கக் கூடாது என்கிற மாதிரி.

"லியோ, இந்தப் பேரச் சொல்லித்தான் இவன நான் கூப்புடணுமா?"